நீதியும் ஒப்புரவும்: கொழும்பிலிருந்து முதுமாணி படிக்க நினைப்பவர்களுக்கு

கிறிஸ்தவ அருட்பணியில் நீதி, ஒப்புரவு என்ற துறையில் பட்டப்பின் படிப்புப் படிக்க விரும்பி வருகிறவர்கள் போதகர்கள் மட்டுமல்ல. ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள், ஞாயிறு பாடசாலை நடத்தும் அக்காமார் என்று பலரும் வருகிறார்கள். வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் வேலை, பின்னேரம்தான் கொஞ்சம் நேரம். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கல்லூரியில் சேரலாம்? அதற்கும் வருகிறேன். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்து முடிக்கும்வரை விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள்.

முதலில் கேள்வி

'இலங்கைத் திருச்சபையும் நல்லிணக்கமும்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இது தலைப்பு. இதை வைத்து ஆய்வு செய்ய முடியாது. எந்தச் சபை, எந்தக் காலம், யாருக்கு நடந்த அநியாயம், யார் யாரோடு ஒப்புரவாக வேண்டும் என்ற நாலுக்கும் பதில் வந்தால்தான் கேள்வி கைக்குள் வரும்.

உதாரணத்துக்குச் சில. கேப்பாப்பிலவு மக்கள் இராணுவத்தின் கையில் இருந்த தங்கள் காணிகளைக் கேட்டு 2017 இல் வீதியோரம் இருந்து போராடினார்கள். முதலாம் இராஜாக்கள் 21 ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம் பறிபோன கதை இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் காணி இழந்த ஒரு சபை எப்படி வாசிக்கிறது? அதே பகுதியைக் கொழும்பில் வசதியாக இருக்கும் ஒரு சபை எப்படி வாசிக்கிறது? இது நல்ல கேள்வி. மலையகத்தில் தோட்டங்களை ஒட்டி எழும்பிய சபைகள், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்போது என்ன சொன்னார்கள், அல்லது ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இதுவும் நல்ல கேள்வி, இன்னும் அதிகம் பேர் தொடாதது.

கொழும்பில் இருக்கிறவருக்கு வீட்டு வாசலிலேயே ஒரு கேள்வி கிடக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயம், மட்டக்களப்பு சியோன் ஆலயம் மூன்றும் தாக்கப்பட்டன. அதன்பின் கத்தோலிக்கத் திருச்சபை, குறிப்பாகக் கொழும்புப் பேராயர், உண்மை வெளிவர வேண்டும் என்று விடாமல் கேட்டு வருகிறார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சரி, அந்தத் தாக்குதலுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களையே வைத்து, போரின் கடைசி மாதங்களில் கணக்கில் வராமல் போன 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். உயிர்த்த ஞாயிறுக்கு நீதி கேட்டபோது தெற்கிலிருந்து எழுந்த குரல், அந்தக் கேள்விக்கும் அதே பலத்தோடு எழுந்ததா? எழவில்லை என்றால் ஏன்? இரண்டு துயரத்திலும் அதே திருச்சபையின் பிள்ளைகளும் இருந்தார்கள். முதுமாணி ஆய்வு ஒன்றுக்கு இது தாராளமாகப் போதும். நேர்மையாக எழுதினால் இரண்டு பக்கத்தாருக்கும் பயன்படும்.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நீதியைக் கழற்றி வைத்துவிட்டு ஒப்புரவை மட்டும் பேசும் கேள்வியை எடுக்காதீர்கள். 'நீதியும் சமாதானமும் ஒன்றையொன்று முத்தமிடும்' என்று 85 ஆம் சங்கீதம் சொல்கிறது. அந்த வசனத்தில் கிருபையும் சத்தியமும் கூடவே நிற்கின்றன. நாலில் ஒன்றை வெளியே அனுப்பினால் மற்ற மூன்றும் நிலைக்காது. சகேயு ஆண்டவரை வீட்டில் வரவேற்றதோடு நிற்கவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். 'பழசைக் கிளறாதேயுங்கோ' என்று பிரசங்க மேடையிலிருந்து கேட்டுப் பழகிய எங்களுக்கு இதை ஆய்வாக எழுதத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இருந்தால்தான் இந்தப் படிப்பு அர்த்தப்படும்.

கேள்வி கிடைத்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சபையில் நீங்கள் மதிக்கும் ஒரு மூத்தவரிடம் இரண்டு வசனத்தில் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே தனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினால் கேள்வி சரி. 'நல்லது தம்பி, கர்த்தர் ஆசீர்வதிப்பார்' என்று முடித்துவிட்டால் இன்னும் ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள்.

எங்கே படிக்கலாம்

கொழும்பில் கொழும்பு இறையியல் செமினரி இருக்கிறது. 1994 இல் தொடங்கியது, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கற்பிக்கிறார்கள். சுவிசேஷப் பின்னணியில் உள்ளவர்களும் வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவர்களும் பெரும்பாலும் இங்கேதான் முதலில் விசாரிப்பார்கள். லங்கா வேதாகமக் கல்லூரியும் அப்படி விசாரிக்கத்தக்கது.

அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகளில் குருத்துவப் பயிற்சி பெறுகிறவர்கள் கண்டி வீதியில் பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரிக்குப் போவார்கள். 1963 முதல் தமிழரும் சிங்களவரும் ஒரே வளாகத்தில் தங்கி இறையியல் படிக்கும் இடம் அது. போர்க்காலம் முழுவதும் அது அப்படியே இருந்தது என்பதே ஒப்புரவு படிக்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இறையியல் பட்டங்கள் வழங்கும் இந்தியாவின் செராம்பூர் செனற்றோடு இணைந்த கல்லூரி என்பதால், அங்கே பட்டம் பெற்றவர்கள் மேற்படிப்புக்குப் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி, மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போக வழி இருக்கிறது. தமிழிலேயே இறையியல் சிந்திக்க விரும்புகிறவர்களுக்கு அரசரடி நல்ல இடம். தலித் இறையியல் அங்கே பேசப்படும் விதத்தைப் பார்த்த பிறகு, எங்கள் சபைகளுக்குள் சாதி பற்றி நாங்கள் காக்கும் மௌனம் உங்களை நிச்சயம் உறுத்தும்.

வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் போக முடியாதவர்களுக்கு ஒக்ஸ்போர்ட் அருட்பணிக் கற்கை மையம் போன்ற இடங்கள் பொருத்தம். ஆண்டில் சில வாரங்கள் அங்கே, மீதிக் காலம் சொந்த ஊரில் ஆய்வு என்ற ஏற்பாடு அது. ஆனால் அது ஆய்வுப் பட்டத்துக்கு உரியது. எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டாம். வகுப்புகளோடு கூடிய ஒரு முதுமாணியை இங்கே முடித்துவிட்டுப் போங்கள். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஐரிஷ் கிறிஸ்தவ ஒன்றிப்புக் கற்கைகள் பள்ளியும் பெல்பாஸ்ட் நகரில் நடத்திய ஒப்புரவுக் கல்விக்குப் பெயர் பெற்றது. பிளவுபட்ட ஊருக்குள்ளேயே இருந்து படிப்பது எப்படி என்பதற்கு அது ஒரு உதாரணம்.

பல்கலைக்கழகங்களையும் மறக்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகள் கற்கை நிலையம் 1991 முதல் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகத் துறை உண்டு. இறையியல் பட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறவர் மனித உரிமைப் பக்கம் ஒரு பட்டப்பின் படிப்பைச் செய்வது மிக நல்ல சேர்க்கை.

சேர்வதற்கு முன் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை சில: பட்டத்தை வழங்குவது யார், அதை அங்கீகரித்தது யார், இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எந்த மட்டம். அந்தச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8 ஆம் மட்டம், வகுப்புகளால் மட்டும் பெறும் முதுமாணி 9, ஆய்வேட்டோடு கூடியது 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. அரசாங்க ஆசிரியராகவோ விரிவுரையாளராகவோ போக நினைக்கிறவர்கள், இறையியல் சங்கங்களின் அங்கீகாரம் மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், வோர்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் நேரே கேட்டுவிடுங்கள். பட்டம் பெற்ற பிறகு போய்க் கேட்பதில் பயனில்லை.

கட்டணம் ரூபாயிலா, டொலரிலா, பவுணிலா என்பதையும் பாருங்கள். 2022 இல் ரூபாய் சரிந்தபோது வெளிநாட்டுப் படிப்பின் நடுவில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தவணை முறை உண்டா, சபை பாதி கொடுக்குமா, கொடுத்தால் எத்தனை வருடம் அங்கே ஊழியம் செய்ய வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மொழி

முதுமாணி மட்டத்தில் வாசிப்பின் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான். அதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஒரு வருடம் தினமும் வாசித்தால் ஆங்கிலம் வசப்பட்டுவிடும். நான் வற்புறுத்துவது சிங்களத்தை. கொழும்புத் தமிழர் பலருக்குச் சந்தையில், பஸ்ஸில் பேசும் சிங்களம் நன்றாக வரும், ஆனால் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் திணறுவோம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்காவது படியுங்கள். பக்கத்து வீட்டார் தங்கள் துயரத்தைத் தங்கள் மொழியில் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒப்புரவு பற்றி ஆய்வேடு எழுதுவது சரியாக இருக்காது.

வகுப்பில் என்ன நடக்கும்

பாடங்கள் பெரும்பாலும் நாலு பக்கம் பிரியும்: வேதாகமத்தில் நீதியும் ஒப்புரவும், அருட்பணியின் வரலாறு, சமாதானக் கற்கைகள், உள்ளூர்ச் சூழல்.

அருட்பணி வரலாற்றில் சுவிசேஷ சபையினரின் 1974 லொசான் மாநாடு வரும். சுவிசேஷம் அறிவிப்பதும் சமூகப் பொறுப்பும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்று அங்கே ஒத்துக்கொண்டார்கள். 2005 இல் ஏதென்ஸில் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்திய அருட்பணி மாநாடு குணமாக்குதலையும் ஒப்புரவையும் நடுவில் வைத்தது. தென்னாபிரிக்கா கட்டாயம் வரும்: நிறவெறி ஆட்சிக்கு எதிராக இறையியலாளர்கள் வெளியிட்ட 1985 கைரோஸ் ஆவணம், பிறகு டெஸ்மண்ட் டூட்டு தலைமை தாங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. அதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே செய்ததை முழுவதும் வெளிப்படுத்தினால்தான் பொதுமன்னிப்புப் பெற முடிந்தது. எங்கள் நாட்டில் 'தென்னாபிரிக்கா மாதிரி' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிபந்தனையைச் சொல்வதில்லை.

தென்னாபிரிக்காவுக்குப் போவதற்கு முன் உள்ளூரைப் படியுங்கள் என்பேன். யாழ்ப்பாணத்து டி. டி. நைல்ஸ் 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கிய கூட்டத்திலேயே பேசியவர். குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 யூலைக்குப் பிறகு, சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் மறைமாவட்ட மன்றத்தின் முன்னிலையிலேயே சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் இறந்துபோனார். மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரிலும், மேரி பஸ்ரியன் அடிகள் 1985 ஜனவரியில் வங்காலையிலும், இருவருமே மன்னார் மாவட்டத்தில் கொல்லப்பட்டார்கள். மைக்கல் றொட்ரிகோ அடிகள் புத்தலவில் பௌத்தக் கிராமத்தவர்களோடு வாழ்ந்து 1987 நவம்பரில் கொல்லப்பட்டார். இவர்களை ஒரே ஆய்வில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் மாணவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

வகுப்புப் பயிற்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. நீங்கள் படிப்பில் சேர்வதற்கு முன்பே நாலைந்து நண்பர்களோடு செய்து பார்க்கலாம். பிறவுண் பேப்பரைச் சுவர் நீளத்துக்கு ஒட்டி, நடுவில் ஒரு கோடு. ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றிய ஆண்டுகளை அதில் எழுத வேண்டும், பேசக் கூடாது. யாழ்ப்பாணத்தவர் 1958, 1983, 2009 என்று எழுதுவார். ஹட்டனிலிருந்து வந்தவர் 1948 இல் தொடங்கி 1964 இல், மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நிற்பார். மாத்தறையிலிருந்து வந்த சிங்கள மாணவர் 1971 என்றும் 1989 என்றும் எழுதுவார். ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் காணாமல் போன பெரியப்பா ஒருவர் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பார். புத்தளத்திலிருந்து யாராவது விருந்தினராக வந்திருந்தால் 1990 ஒக்டோபர் வரும், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மாதம். எழுதி முடித்ததும் பின்னால் போய் நின்று பார்த்தால், ஒருவர் கொட்டை எழுத்தில் எழுதிய ஆண்டில் மற்றவர்கள் ஒன்றுமே எழுதாமல் விட்டிருப்பது கண்ணில் படும். அந்த வெற்றிடங்களைப் பற்றித்தான் அன்று பின்னேரம் முழுக்கப் பேச வேண்டியிருக்கும்.

முன்மொழிவும் மேற்பார்வையாளரும்

முன்மொழிவு நாலைந்து பக்கம் போதும். கேள்வி, ஏற்கனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எப்படித் தேடப் போகிறீர்கள், யாரைச் சந்திப்பீர்கள், அவர்களுக்கு என்ன பாதுகாப்பு, எத்தனை மாதம். வசனங்களை அடுக்கிப் பிரசங்கம் ஆக்க வேண்டாம்.

மேற்பார்வையாளரைப் பெயருக்காகத் தேடாதீர்கள். பெரிய பெயர் உள்ளவர் வருடத்தில் பாதி வெளிநாட்டில் இருப்பார், உங்கள் அத்தியாயம் அவர் மேசையில் இருக்கும். எழுதியதைத் திருத்தி ஒரு மாதத்துக்குள் தருகிறவராக, உங்கள் அரசியலோடு முழுவதும் ஒத்துப்போகாதவராக இருந்தால் நல்லது. தமிழ் மாணவருக்குச் சிங்கள மேற்பார்வையாளர் கிடைத்தால் பயப்பட வேண்டாம். எங்களுக்குள் பேசிப் பேசித் தெளிவாகிவிட்டதாக நாங்கள் நினைக்கும் விஷயங்களை அவர் 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பார். அந்தக் கேள்வியால் ஆய்வேடு உறுதிப்படும்.

ஆதாரம் தேடும் இடங்கள்

மருதானை டீன்ஸ் வீதியில் சமூக சமய நிலையம் இருக்கிறது. 1971 இல் திஸ்ஸ பாலசூரிய அடிகள் தொடங்கியது. 1997 இல் வத்திக்கான் அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கி அடுத்த ஆண்டே மீண்டும் சேர்த்துக்கொண்ட கதையும் ஒப்புரவுப் பாடம்தான். ஹவ்லொக் வீதியில் கற்கைக்கும் உரையாடலுக்குமான கிறிஸ்தவ ஒன்றிப்பு நிறுவனம் பௌத்த–கிறிஸ்தவ உரையாடலுக்குப் பழைய இடம். களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகள் 1974 இல் தொடங்கிய துலான ஆய்வு மையம் இருக்கிறது. பௌத்தக் கலைஞர்கள் இயேசுவைத் தங்கள் பார்வையில் வடித்த படைப்புகளை அங்கே பார்க்கலாம், ஒரு நாளை ஒதுக்கிப் போங்கள். பொறளைப் பக்கம் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம், கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களம், வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம். வீட்டிலிருந்தே தேட நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம். பழைய சபை மலர்கள், பாடசாலை மலர்கள் அதில் நிறைய உண்டு, எவரும் மேற்கோள் காட்டாத தங்கச் சுரங்கம் அது.

ஆணைக்குழு அறிக்கைகளை முழுவதும் வாசியுங்கள். குறிப்பாக 2017 ஜனவரியில் வெளிவந்த, நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கை. நாடு முழுவதும் 7,000 க்கு மேற்பட்ட கருத்துகளைக் கேட்டுச் சேர்த்தது. சனங்கள் நீதி என்று எதைக் கேட்கிறார்கள் என்று அதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் எனக்குத் தெரியாது.

உங்கள் சபையின் சொந்தக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். 1983 ஓகஸ்டில் செயற்குழு எதைப் பேசியது என்பது பெரும்பாலும் ஒரு அலுமாரிக்குள் கறையான் அரித்தபடி இருக்கும். எழுத்தில் அனுமதி பெற்று, படம் எடுத்து, ஒரு பிரதியைச் சபைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆட்களைச் சந்திக்கப் போகும்போது

நேர்காணல் ஆய்வு என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரையும் சந்திக்காதீர்கள். குழு இல்லாத இடமாக இருந்தால் மேற்பார்வையாளரோடு இன்னும் இரண்டு பேரிடம் கேள்விகளைக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் ஒரு தாயிடம் போகிறீர்கள் என்று வையுங்கள். தேத்தண்ணி வரும். பிறகு உள்ளே போய் ஒரு சொப்பிங் பையை எடுத்து வருவார். பிள்ளையின் படம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை, நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதம், 2013 இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவின் கடிதம், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கடிதம், எல்லாம் மடித்த மடிப்பில் கிழிந்துபோய் இருக்கும். அந்தக் கதையை அவர் எத்தனையோ மேசைகளுக்கு முன் இருந்து சொல்லிவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள். அனுமதி கேட்டு அந்தக் கடதாசிகளை மெதுவாக வாசியுங்கள். வாசித்த பிறகு, அவற்றில் இல்லாததை மட்டும் கேளுங்கள்: சபை வந்ததா, யார் செபித்தார்கள், என்ன சொல்லிச் செபித்தார்கள், எது ஆறுதலாக இருந்தது, எது காயப்படுத்தியது. உங்கள் ஆய்வு இறையியல் ஆய்வு, உங்களுக்கு வேண்டியது அதுதான்.

எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். 'இது வெளியே போனால் ஏதாவது நடக்கும்' என்ற நம்பிக்கையை உங்கள் முகத்தில்கூடக் காட்டாதீர்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 ஐ ஒட்டிய நாட்களையும் நவம்பர் கடைசியையும் தவிருங்கள். அந்த நேரத்தில் வெளியாள் ஒருவர் வீட்டுக்கு வந்து போனால், போன பிறகு அவர்களிடம் விசாரிக்க ஆள் வரக்கூடும். ஒலிப்பதிவு வேண்டாம் என்றால் கொப்பியில் எழுதுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் கேட்டுவிட்டு வாருங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், பிள்ளையின் வயது, தகப்பனின் தொழில் மூன்றையும் ஒரே பந்தியில் எழுதினால் ஊரார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியல் ஒரு இடத்திலும் குறிப்புகள் வேறு இடத்திலும் இருக்கட்டும், பட்டியல் கைபேசியில் இருக்கவே வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்து வையுங்கள்.

திரும்பி வந்த இரவு உங்களுக்கும் நித்திரை வராது. அன்றைக்கு யாரோடு பேசுவீர்கள் என்று முன்கூட்டியே ஒருவரைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், மேற்பார்வையாளராக இருந்தாலும் சரி, செபக் குழுவில் வாய் காக்கத் தெரிந்த ஒருவராக இருந்தாலும் சரி. ஒரு கிழமையில் இரண்டு நேர்காணலுக்கு மேல் வைக்க வேண்டாம்.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

வேலை செய்துகொண்டு படிக்கிறவர்கள் ஆய்வேட்டில்தான் நின்றுபோகிறார்கள். ஒப்படைகளை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, கடைசி நூறு பக்கத்தில் இரண்டு மூன்று வருடம் போய்விடும். ஒவ்வொரு ஒப்படையையும் உங்கள் கேள்வியை ஒட்டியே எழுதினால் பாதி அத்தியாயங்கள் முன்கூட்டியே கிடைத்துவிடும். நாபோத்தைப் பற்றி எழுதுகிறவர் பழைய ஏற்பாட்டுப் பாடத்தின் ஒப்படைக்கு முதலாம் இராஜாக்களை எடுக்கட்டும், சமாதானக் கற்கையின் ஒப்படைக்குக் காணி விடுவிப்பை எடுக்கட்டும்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும், பத்துப் பக்கச் சுருக்கம் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரியுங்கள். இறுதிப் பிரதியைக் கையளிப்பதற்கு முன், உங்களோடு பேசியவர்களிடம் அவர்கள் சொன்ன பகுதியை நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று அவர்களுடைய சபைக்கு, ஒன்று தமிழ்ச் சங்க நூலகத்துக்கு. நேர்காணல் தந்தவர்களின் பெயர்ப் பட்டியலை, பரீட்சகர்களின் முடிவு வந்ததும், மேற்பார்வையாளரின் முன்னிலையில் அழித்துவிடுங்கள்.